பாதியில் அறுந்த ஒரு வரி, போனது ரூ.16,500: பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு எச்சரிக்கை

நேற்று மாலை என் புகாரை மூன்றாவது முறையாக மூடிவிட்டார்கள். 'போதிய ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்ற ஒரே வரிதான் காரணமாக வந்தது. என்னிடம் ஆதாரம் இருக்கிறது, ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி இல்லாததால் நான் இழந்தது ரூ.16,500. பழைய பொருள் விற்கும் செயலிகளில் எதையாவது வாங்க நினைப்பவர்கள் பணம் செலுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில்தான் நானும் பணம் செலுத்தினேன்.

நான் கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். தனியார் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், புராஜெக்ட் செய்ய லேப்டாப் இல்லாமல் தினமும் தோழியின் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அதற்காகவே, கட்டிக்கொண்டிருந்த சீட்டைத் தள்ளி எடுத்தேன். பலரும் பயன்படுத்தும் ஒரு செயலியில், புதுச்சேரியில் இருக்கும் பழைய லேப்டாப் கடை ஒன்றின் விளம்பரம் கண்ணில் பட்டது. விலை ரூ.16,500. விவரப் பகுதியின் முதல் வரியே, '7 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்' என்று இருந்தது. அதற்கும் கீழே 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, புதிதாக மாற்றிய பேட்டரி, 6 மாத வாரண்டி என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

கடைக்காரர் வாட்ஸ்அப்பில் பேசினார். "நீங்க கடலூராக்கா? எங்கம்மா ஊரு நெல்லிக்குப்பம்தான். நம்ம ஊரு ஆளுங்களுக்கு மோசமான பொருள் கொடுப்பனா?" என்று குரல் செய்தி அனுப்பினார். அந்த நொடியில் எனக்குள் இருந்த தயக்கம் போய்விட்டது என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. உரையாடலின் தொடக்கத்திலேயே, செய்திகள் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்ற அறிவிப்பு வந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். "எல்லா கஸ்டமருக்கும் இப்படித்தான்க்கா, ஃபோன்ல இடம் இல்ல" என்றார். பேட்டரியின் நிலையைக் காட்டும் படத்தை ஒருமுறை மட்டும் பார்க்கும் விதத்தில் அனுப்பினார். அதைப் படம் எடுக்க முயன்றபோது கைப்பேசி விடவில்லை. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். "விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்கக்கா, தைரியமா எடுத்துக்கோங்க" என்று அவரே சொன்னதும், இவ்வளவு நேர்மையானவரைச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கே கூச்சமாகிவிட்டது.

பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். திரையின் அடியில் ஒரு சிறு பட்டை எழுந்தது. அதில் கீழ்நோக்கிய இரண்டு அம்புக்குறிகள் இருந்தன. ஒவ்வொரு முறை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போதும் அந்த அம்புகளைப் பார்த்திருக்கிறேன், திரையை மறைக்கிறதே என்று விரலால் ஒதுக்கியும் இருக்கிறேன். அன்றும் ஒதுக்கினேன். அதைத் தொட்டிருந்தால் பக்கம் கீழே நகர்ந்து, அடுத்தடுத்த திரைகளைக் கைப்பேசியே ஒன்றோடொன்று ஒட்டி, விளம்பரம் முழுவதையும் ஒரே நீளப் படமாகச் சேமித்திருக்கும். இதற்குத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். பல நிறுவனங்களின் கைப்பேசிகளில் முன்பிருந்தே இருந்த இந்த வசதி, 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12இலிருந்து ஆண்ட்ராய்டிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. இவை எல்லாவற்றையும் பணம் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை இரவு செயலி வழியாகவே யுபிஐயில் ரூ.16,500 செலுத்தினேன். சனிக்கிழமை லேப்டாப் வந்தது. சார்ஜரைக் கழற்றிய 25 நிமிடத்தில் அணைந்துவிட்டது. மகள் செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியைத் திறந்து பார்த்தாள். ராம் 4 ஜிபி என்று இருந்தது. "அம்மா, விளம்பரத்துல எட்டுன்னுதானே போட்டிருந்துச்சு?" என்று கேட்டபடியே செயலியைத் திறந்தாள். விளம்பரம் மாறியிருந்தது. 8 ஜிபி என்ற சொல்லே இல்லை. முதல் வரி, '7 நாட்களுக்குள் பழுது இருந்தால் சரிசெய்து தரப்படும்' என்று ஆகியிருந்தது. வாட்ஸ்அப்பில் அவர் பேசிய அத்தனையும் மறைந்துபோயிருந்தன.

மிச்சம் இருந்தது நான் எடுத்த அந்த ஒரே படம். அதில் லேப்டாப்பின் புகைப்படமும் விலையும் பெரிதாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அடியில் '7 நாட்களுக்குள்' என்ற சொல் முழுதாக இருக்கிறது. அடுத்த சொல் மடங்கிக் கீழ்வரிக்குப் போன இடத்தில் திரை முடிந்துவிட்டது. அந்த வரியில் எழுத்துகளின் தலைகள் மட்டும் தெரிகின்றன. முதலிரண்டு எழுத்துகளின் மேல் இகரத்தின் சுழி இருக்கிறது, அடுத்த எழுத்தின் மேல் ஒரு புள்ளி இருக்கிறது. 'பிடிக்கவில்லை' என்று எழுதினால்தான் அப்படி வரும். 'பழுது' என்று எழுதினால் சுழி எங்கிருந்து வரும்? தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

இதைத்தான் செயலியின் வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை எழுதினேன். முதல் முறை, 'விளம்பரத்தின் முழுப் பக்கத்தை அனுப்பவும்' என்றார்கள். இரண்டாம் முறை, விற்பனையாளர் திருத்தியதற்கு முந்தைய விளம்பரம் உங்கள் பதிவில் இருக்குமே என்று நான் கேட்டதற்கு, அதை வழங்க இயலாது என்று பதில் வந்தது. அவர்கள் செயலியில் வந்த விளம்பரத்துக்கு நான் சாட்சி கொண்டுவர வேண்டுமாம்! மூன்றாம் முறை சுழியையும் புள்ளியையும் வட்டமிட்டு அனுப்பினேன். 'போதிய ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்ற அந்த ஒரே வரியைச் சொல்லிப் புகாரை மூடினார்கள்.

இதற்கிடையே விடுப்பு எடுத்துக்கொண்டு, லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு முறை புதுச்சேரிக்குப் பேருந்தில் போனேன். முதல் முறை, "ஓனர் சென்னை போயிருக்காருக்கா, வந்ததும் பேசச் சொல்றேன்" என்று கடைப் பையன் சொன்னான். யாரும் பேசவில்லை. இரண்டாம் முறை ஓனர் இருந்தார். அதே குரல். "எங்க போட்டிருக்கு, காட்டுங்க" என்றார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். "ஏழு நாளுன்னுதான் இருக்கு. ஏழு நாளுக்குள்ள சர்வீஸ்னுதான் போட்டிருந்தோம்" என்று சொல்லிவிட்டு வேறு வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். சுழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "பள்ளிக்கூடப் பாடமெல்லாம் இங்க நடத்தாதீங்கக்கா" என்றார். நெல்லிக்குப்பத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அரியாங்குப்பம் தாண்டும் வரை எனக்கு அழுகை நிற்கவில்லை. ரூ.16,500 என்பது எனக்கு ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

இதில் என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விலையும் படமும் தெரிந்தால் போதாது, நிபந்தனைகளின் கடைசி வரி வரை படத்தில் வர வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவுடன் தோன்றும் கீழ் அம்பையோ 'ஸ்க்ரோல்', 'கேப்சர் மோர்' என்ற பொத்தானையோ சில நொடிகளுக்குள் தொட்டுவிடுங்கள். அது மறைந்துவிட்டால் மறுபடி எடுங்கள். எடுத்ததைத் திறந்து அடிவரை படித்துப் பாருங்கள், நடுவில் வரி விட்டுப்போவதும் உண்டு. ஐபோனில் சஃபாரியில் திறந்த இணையப் பக்கத்தை 'ஃபுல் பேஜ்' என்ற தேர்வில் முழுதாகச் சேமிக்கலாம், ஆனால் வாட்ஸ்அப் உரையாடலுக்கு அது வராது. அதற்குத் திரைப்பதிவு செய்யுங்கள். செய்திகள் மறையும்படி யார் அமைத்திருந்தாலும் அவை மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியும், அதை வாட்ஸ்அப் தடுப்பதில்லை. ஒருமுறை மட்டும் பார்க்கும் படத்தை இன்னொரு கைப்பேசியால் புகைப்படம் எடுங்கள். நீளப் படத்தை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும் என்பதால் டாக்குமென்டாக அனுப்புங்கள். மூலப் படத்தைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்திருக்கிறேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் கடலூர் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. திங்கட்கிழமை அதற்கான மனுவைக் கொடுக்கப் போகிறேன்.

இன்று காலை மகள் அந்தச் செயலியைத் திறந்து என்னிடம் நீட்டினாள். அதே கடை, வேறொரு லேப்டாப், முதல் வரி மறுபடியும் '7 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால்' என்றே இருந்தது. இந்த முறை அம்பைத் தொட்டு, அடிவரை எடுத்து வைத்திருக்கிறேன். இதே வாசகத்தை நம்பி வாங்கி, முழுப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், திங்கட்கிழமைக்குள் எனக்குத் தெரிவியுங்கள்.