பகிர்வு ஆய்வகம்: கருவிகள் அருமை, இணையம் மந்தம்

எங்கள் சிறிய நோயறிதல் நிறுவனத்துக்காக இந்தப் பகிர்வு ஆய்வகத்தில் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். சொந்தமாக வாங்கப் போனால் கட்டுப்படியாகாத கருவிகள் இங்கே தயாராக இருக்கின்றன: மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி, டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆர். கருவி, 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ். உறைபெட்டியின் கதவு சரியாக மூடவில்லை என்றால் பொறுப்பாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை போகிறது. நள்ளிரவானாலும் ஆள் வந்து பார்க்கிறார். இதற்கே முழு மதிப்பெண் தரலாம்.

காற்றிலுள்ள நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியைச் சோதிப்பவர், திரவத்தைத் துல்லியமாக அளந்தெடுக்கும் பிப்பெட்டுகளின் அளவைச் சரிபார்ப்பவர், உலர்பனி கொண்டுவரும் ஓட்டுநர், மருத்துவக் கழிவை எடுத்துச் செல்பவர் என்று வாசலில் ஓயாத நடமாட்டம். முதலீட்டாளர் கூட்டங்களில் முனைவர் பட்டங்களைத்தான் எண்ணுகிறார்கள். வட்டாரப் பொருளாதாரம் என்று பேசும்போது வாசலில் வந்துபோகும் இவர்களின் சம்பளமும் கணக்கில் வர வேண்டாமா?

இணையம் படுமோசம். மரபணு வரிசைக் கோப்பு ஒன்றை ஏற்றி முடிப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. கூட்ட அறைக்குத் தனிக் கட்டணம் வேறு, அடாவடி! நிறுவனம் வளர்ந்தால் இந்த மேசை போதாது. அடுத்த கட்டத்துக்கான இடம் பக்கத்தில் கிடைக்காவிட்டால் வேறு ஊருக்குத்தான் போயாக வேண்டும், வேலைகளும் கூடவே போகும். நிர்வாகம் அதைப் பற்றி யோசிப்பதாகத் தெரியவில்லை.