சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஜப்பானியப் பண்பாட்டுக் கோடை வகுப்பு: ஒரு தாயின் மதிப்பீடு

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு வீட்டு மாடியில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகக் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் நடந்த ஜப்பானியப் பண்பாட்டு வகுப்புக்கு, மூன்றாம் வகுப்பு முடித்த என் மகளை அனுப்பியிருந்தேன். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம். கட்டணம் 2,000 ரூபாய், காகிதமும் வண்ணமும் அதிலேயே அடக்கம். கிமோனோ உடுத்திப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்களோ என்ற ஐயத்தோடுதான் சேர்த்தேன். நல்லவேளையாக அப்படி நடக்கவில்லை.

முதல் நாளே, செருப்பைக் கழற்றி அதன் முனை வெளிப்புறம் பார்க்கும்படி திருப்பி அடுக்கப் பழக்கினார்கள். வாசலில் செருப்பை விடுவது நம் வீட்டு வழக்கமும்தான் என்பதால், திருப்பி வைப்பது ஒன்றுதான் பிள்ளைகளுக்குப் புதிதாக இருந்தது. ஒவ்வொரு நாளும் கடைசிக் கால் மணி நேரம் 'சோஜி', அதாவது துப்புரவு. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பறையையும் நடைவழியையும் பிள்ளைகளே துடைப்பது அன்றாடப் பழக்கம். ஈரத்துணியை இரு கைகளாலும் தரையில் அழுத்தி, முதுகைக் குனித்து, பிள்ளைகள் வரிசையாக மாடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தள்ளிக்கொண்டே ஓடியதை வாசலில் நின்று பார்த்தேன். பணம் கட்டிப் பிள்ளையைத் தரை துடைக்க அனுப்புவதா என்று ஒரு தந்தை கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. யார் வீட்டுப் பிள்ளையின் கையில் துடைப்பம் கொடுக்கப்படுகிறது என்பதில் சாதி பார்த்த பள்ளிகள் நம் நாட்டில் இருந்திருக்கின்றன. இங்கே அந்தப் பேதம் இல்லை. முறை வைத்து எல்லாப் பிள்ளைகளும் துடைத்தார்கள், ஆசிரியையும் துணியை நனைத்துக்கொண்டு அவர்களோடு குனிந்தார். அதைப் பார்த்த பிறகு அந்தத் தந்தையும் மறுப்புச் சொல்லவில்லை.

ஜப்பானில் குழந்தைகள் தினமான மே 5 அன்று, காகிதத்தில் கெண்டை மீன்கள் செய்து மொட்டைமாடிக் கொடியில் கட்டினார்கள். மாலையில் சேர்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று எழுந்தபோது, திறந்த வாய் வழியே காற்று புகுந்து மீன்கள் உப்பி நீந்தின. ஓடும் நீரை எதிர்த்து ஏறும் கெண்டையைப் போலப் பிள்ளைகள் உறுதியோடு வளர வேண்டும் என்பது அதன் பொருள்.

காகிதக் கொக்கு மடித்த நாளைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். என் மகள் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு மடிப்பையும் அழுத்தித் தேய்த்தாள். இரண்டு முறை கழுத்து கிழிந்து, மூன்றாவதில்தான் கொக்கு நின்றது. அதன் பிறகே ஆசிரியை சடாகோ சசாகியைப் பற்றிச் சொன்னார். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சடாகோவுக்கு இரண்டு வயது. இரத்தப் புற்றுநோய் கண்டு மருத்துவமனையில் கொக்குகளை மடித்துக்கொண்டிருந்த அந்தச் சிறுமி 1955-இல் இறந்தாள். இறப்பை மறைக்காமலும் பயமுறுத்தாமலும், தாழ்ந்த குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்ன விதம் எனக்கு நிறைவாக இருந்தது.

குறை இரண்டு உண்டு. ஜப்பானிய மொழியின் அடிப்படை எழுத்துகளான ஹிரகானா 46-ஐயும் ஆங்கில எழுத்து அட்டையை வைத்துக் கற்பித்தார்கள். உயிரெழுத்து வரிசையே அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந என்று தொடர்ந்து, ம, ய, ர, வ என முடிகிறது. பௌத்தத் துறவிகள் வழியாகச் சென்ற இந்திய எழுத்து முறையின் தடம் அந்த வரிசையில் இருக்கிறது. தமிழ் அரிச்சுவடி தெரிந்த பிள்ளைக்கு இதைவிட எளிய வழி வேறு என்ன வேண்டும்? வீட்டில் நானே தமிழ் எழுத்தோடு இணைத்து எழுதிக் காட்டியபோது, முதல் இரண்டு வரிசையும் ஒரே மாலையில் அவளுக்கு வந்துவிட்டன. மற்றொன்று, நிறைவு நாளில் சீனத்துப் புத்தாண்டுச் சிவப்புத் தோரணங்களை ஜப்பானியதென்று தொங்கவிட்டிருந்தார்கள். பண்பாட்டைக் கற்பிக்கும் இடத்தில் இந்தக் கவனக்குறைவு கூடாது. ஆசிரியையிடம் சொன்னேன், மறுக்காமல் குறித்துக்கொண்டார்.

முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் சற்று நீளம். மூன்றாம் வகுப்புக்கு மேல் தயங்காமல் அனுப்பலாம். வகுப்பு முடிந்து ஒரு மாதமாகியும், எங்கள் வாசலில் செருப்புகள் வெளியே பார்த்தபடிதான் இருக்கின்றன.