பெருமாள்புரம் டியூஷன் சென்டர்: திருநங்கை அம்மா வளக்குற பிள்ளைய இங்க எப்படி பாத்துக்கிடுதாங்க

சென்டர் பேர போடல, பிள்ளை இன்னும் அங்கதான் படிக்கா. திருநெல்வேலி பெருமாள்புரத்துல ஒரு வீட்டு மாடில நடக்கு, எட்டாங்கிளாஸ் வரைக்கும் உண்டு, மாசம் 700 ரூவா. கணக்கு ரொம்ப நல்லா சொல்லிக்குடுக்காங்க, இங்கிலீஷ் சுமார்தான். ஆனா நான் எழுத வந்த விசயம் வேற.

என் தங்கச்சி தவறினப்பறம் அவ மகள எங்க கடைசி தங்கச்சிதான் வளக்கா, அவ திருநங்கை. பிள்ளை அவளத்தான் அம்மான்னு கூப்பிடுது. முன்னாடி சேத்திருந்த ஒரு இடத்துல இவ கூப்பிடப் போயி கேட்டுல நின்னா, "வீட்ல வேற யாரும் இல்லையா, பெரியம்மாவ வரச்சொல்லுங்களேன்"னு சொல்லிட்டாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க, ஆனா பிள்ளை பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்துச்சு, மறுநாள்ல இருந்து "அம்மா நீ தெருமுனையிலயே நில்லு, நான் வந்துருவேன்"னு சொல்ல ஆரம்பிச்சிட்டா, அத கேட்டு எங்களுக்கு வயிறு எரிஞ்சு போச்சு.

இங்க மொத நாளே மிஸ் என்ன பண்ணுனாங்கன்னா, ஃபார்ம்ல அப்பா பேருன்னு இருந்த எடத்த அடிச்சு பாதுகாவலர்னு பேனால எழுதிட்டு, தங்கச்சிட்ட "உங்க பேரு, நம்பர் சொல்லுங்க, காய்ச்சல்னா மொத போன் உங்களுக்குத்தான், பாப்பா உங்கள எப்படி கூப்பிடுவா"ன்னு கேட்டாங்க. அவ்ளோதான், எப்ப மாறுனீங்க ஆபரேசன் ஆச்சான்னு ஒரு கேள்வி கிடையாது. கொஞ்ச நாள்லயே பிள்ளை வாய்ப்பாடு எழுதிட்டு வரலன்னு இவளுக்கு போன் போட்டு நல்லா ஏசுனாங்க பாருங்க, எல்லா அம்மாமாருக்கும் விழுற ஏச்சு எங்க வீட்டுக்கும் விழுந்துச்சு, தங்கச்சி சந்தோசத்துல அழுதுட்டா. டீச்சர்மாருக்கு நான் சொல்றது இதுதான், தலைல வச்சு தாங்க வேண்டாம், பாவம்னு பாக்க வேண்டாம், மத்த அம்மாட்ட கேக்குறத எங்க வீட்டு அம்மாட்டயும் கேளுங்க.

குடும்பப் பாடம் வந்தப்ப அப்பா அம்மா படம் ஒட்டிட்டு வான்னு சொல்லல. காலைல யாரு எழுப்புவா, யாரு சோறு போடுவா, யாரு தல பின்னி விடுவா, அவங்கள வரைங்கன்னு சொன்னாங்க. அப்பா சவுதில இருக்குற பையன், அம்மா பீடி சுத்த உக்காந்திருவான்னு ஆச்சி கூட்டிட்டு வர்ற பிள்ளை, எல்லாருக்குமே அது நிம்மதியா இருந்திருக்கு. எங்க பிள்ளை அம்மாவ பெரிய ஜிமிக்கி, பச்ச சேலையோட வரைஞ்சிருந்தா, அது அங்க செவுத்துல மத்த படங்களோடதான் ஒட்டியிருக்கு.

ஒரு பையன் "உங்கம்மா ஒம்போதுல"ன்னு சொல்லிட்டான். மிஸ் உடனே எல்லாரையும் உக்கார வச்சு பேசிருந்தா பிள்ளை கூசிப் போயிருக்கும். மொதல்ல எங்க பிள்ளைய தனியா கூப்பிட்டு நான் இத எல்லார் முன்னாடியும் பேசட்டுமா வேண்டாமான்னு கேட்டிருக்காங்க, வேண்டாம்னுட்டா. அந்தப் பையன்ட்டயும் அவன் அம்மாட்டயும் தனியா பேசி முடிச்சிட்டாங்க, கிளாஸ்ல யாரும் யார் வீட்டாள பத்தியும் கேலி பேசக்கூடாதுன்னு மட்டும் பொதுவா சொல்லிருக்காங்க.

மத்த பெத்தவங்க என்ன சொல்வாங்களோன்னு பயப்படுற டீச்சர்மாருக்கு ஒண்ணு சொல்லுதேன், 2021 ஜூன் 7-ல மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் குடுத்த உத்தரவுல பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துல இத பத்தி பெத்தவங்களுக்கு எடுத்துச் சொல்லணும்னே இருக்கு. அது எல்ஜிபிடி மாணவர்கள, அதாவது திருநங்கை, திருநம்பி, ஒரே பாலினத்த விரும்புற பிள்ளைகள் மாதிரி உள்ளவங்கள நினைச்சு சொன்னது, எங்க மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது வேணும். திருநங்கைய பொண்ணாத்தான் கோர்ட்டும் பாக்குது, 2019-ல நம்ம பக்கத்து தூத்துக்குடி தம்பதி வழக்குலதான் இந்து திருமணச் சட்டத்துல திருநங்கையும் மணமகள்தான்னு ஹைகோர்ட் மதுரை கிளை சொல்லுச்சு.

ரெண்டு பொம்பளைங்க ஜோடியா சேந்து வாழ்ந்து பிள்ளை வளக்குற வீடும் இருக்கு, வெளிய அக்கா தங்கச்சின்னு சொல்லிக்கிடுவாங்க. 2023-ல சுப்ரீம் கோர்ட் ஒரே பாலின கல்யாணத்துக்கு ஒத்துக்கிடல, சேந்து தத்தெடுக்கவும் வழி இல்ல, அதனால பேப்பர்ல ஒருத்தி பேருதான் இருக்கும். டீச்சர் ரெண்டு பேரு நம்பரையும் வாங்கி வச்சுக்கிட்டா போதும், பிள்ளை சொல்லாத வரைக்கும் நீங்களா வெளிய சொல்லிராதீங்க, அது ரொம்ப முக்கியம்.

சென்டர்ல கொறைன்னா, சனிக்கிழம பேட்ச்ல கூட்டம் ஜாஸ்தி, பிள்ளைங்க நெருக்கியடிச்சு உக்காருது. அப்பறம் அந்த ஃபார்ம இன்னும் மாத்தி அச்சடிக்கல. மிஸ் இல்லாத அன்னைக்கு பணம் கட்டப் போனா ஆபீஸ்ல இருக்குற அக்கா பழையபடி அப்பா பேரு என்னன்னுதான் கேக்காங்க. மிஸ் இத படிச்சா அந்த அக்காட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைங்க.