ரியாக்ட் நேட்டிவுக்கு ரீஸ்கிரிப்ட் பைண்டிங்: மொரிசியஸிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

எபேன் சைபர்சிட்டி என்ற தொழில்நுட்பப் பூங்காவில் எங்களுடையது சின்னக் குழு. ஓட்டல் ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன்களுக்கான செயலி ஒன்றை ரியாக்ட் நேட்டிவில் (ஜாவாஸ்கிரிப்ட்டில் மொபைல் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) நடத்துகிறோம். மொழி ரீஸ்கிரிப்ட், நடுவில் பாலமாக ரீஸ்கிரிப்ட்-ரியாக்ட்-நேட்டிவ் பைண்டிங், அதாவது ஒரு மொழியிலிருந்து இன்னொன்றின் லைப்ரரியை அழைக்க உதவும் அறிவிப்புகள். சில ஆண்டுகளாக இதிலேயே காலம் தள்ளியாயிற்று. இதே யோசனையில் இருக்கும் தமிழ் டெவலப்பர்களுக்கு, அறிமுகக் கட்டுரைகளில் கிடைக்காத சில விஷயங்களைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரீஸ்கிரிப்ட், ஓகேமல் என்ற மொழியின் வழி வந்த, ஜாவாஸ்கிரிப்ட்டாகக் கம்பைல் ஆகும் ஃபங்ஷனல் மொழி. ரியாக்டை உருவாக்கிய ஜோர்டன் வாக்கே 2016-இல் கொண்டுவந்த ரீசன் மொழி, புளூம்பெர்கில் ஹோங்போ ஜாங் எழுதிய பக்கிள்ஸ்கிரிப்ட் கம்பைலர், இந்த இரண்டின் தொடர்ச்சியாக 2020-இல் இந்தப் பெயரைப் பெற்றது. பைண்டிங்கின் பெயரும் கூடவே மாறிக்கொண்டு வந்தது. அதனால் பி.எஸ். அல்லது ரீசன் என்று தொடங்கும் பழைய பதில்கள் தேடலில் வந்தால் தேதியைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

எனக்கு இந்த மொழி மேல் நம்பிக்கை வந்ததே புயல் விஷயத்தில்தான். மொரிசியஸில் புயல் எச்சரிக்கை வகுப்பு 1 முதல் 4 வரை போகும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று தீவைத் தொடக்கூடும் என்றால் 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே வகுப்பு 1; அந்த வேகம் பதிவாகி இன்னும் நீடிக்கும் என்றால் வகுப்பு 4. எங்கள் செயலியில் இந்த வகுப்பு ஒரு வேரியண்ட், அதாவது இன்னின்ன நிலைகள் மட்டுமே உண்டு என்று பட்டியலிட்ட டைப். வேன்களுக்குப் போகும் உத்தரவு இன்னொரு வேரியண்ட்: வழக்கம்போல் ஓட்டு, ஊழியர்களை வீட்டில் சேர்த்துவிடு, நிறுத்து.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் புகுந்து கார்களை அடித்துக்கொண்டு போனது. வீட்டுக்குக் கிளம்புவதே ஆபத்தாகிவிடும் நாளும் உண்டு என்று அன்றைக்குத் தீவே பார்த்தது. அதன் பிறகு நான்காவதாக ஓர் உத்தரவு வேண்டும் என்று கேட்டார்கள்: இருக்கும் இடத்திலேயே இரு, கூடவே அந்த இடத்தின் பெயர். வேரியண்ட்டில் ஒரு வரி சேர்த்துச் சேமித்ததும், அதைக் கையாளாத இடங்களை எல்லாம் கம்பைலர் வரிசையாகக் காட்டிவிட்டது. டிரைவர் திரை, ஊழியருக்குப் போகும் அறிவிப்பு, மேற்பார்வையாளரின் பட்டியல், பிரெஞ்சு, ஆங்கில வாசகங்கள். ஒவ்வொன்றாக எழுதி முடித்ததும் வேலை முடிந்தது. உயிர் சம்பந்தப்பட்ட ஒரு செய்தி ஏதோ ஒரு திரையில் விட்டுப்போகவில்லை என்ற நிம்மதிக்கு நான் என்ன விலையும் கொடுப்பேன்.

இது கிடைக்க ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் என்ன செய்வது என்று பிரிக்கும் ஸ்விட்ச் எழுதும்போது மிச்சத்துக்கெல்லாம் சேர்த்து அண்டர்ஸ்கோர் (_) போட்டு முடிக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அதைப் போட்டால் புதிய நிலை சேரும்போது கம்பைலர் வாய் திறக்காது. நாங்களே உருவாக்கிய வேரியண்ட்களுக்கு அண்டர்ஸ்கோர் கூடாது என்பது எங்கள் குழுவில் எழுதி வைத்த விதி.

ஸ்டைல் எழுதுவது முதலில் எரிச்சலாக இருக்கும். அகலம் 16 என்று வெறுமனே எழுத முடியாது. புள்ளி வைத்து 16. என்று ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) எழுதி, அதை டி.பி. (dp, திரை அளவுக்கான அலகு) என்ற ஃபங்ஷனுக்குள் அனுப்ப வேண்டும். சதவீதம் என்றால் பி.சி.டி. (pct). புதிதாகச் சேர்ந்தவர்கள் இங்கேதான் முகம் சுளிப்பார்கள். கை பழகினதும் சரியாகிவிடும். அப்புறம், 2024 ஜனவரியில் வந்த ரீஸ்கிரிப்ட் பதிப்பு 11-க்கு மாறியது பெரிய விடுதலை. அதற்கு முன் ஃபங்ஷனுக்கு ஓர் ஆர்கியுமென்ட் குறைந்தால் அது பாதி அழைப்பாகவே நின்று, பிழைச் செய்தி வேறெங்கோ போய் வெடிக்கும். இப்போது தவறு எந்த வரியில் இருக்கிறதோ அங்கேயே காட்டுகிறது.

இனி முக்கியமான குறை. பைண்டிங் என்பது, 'அந்தப் பக்கம் இப்படித்தான் இருக்கும்' என்று மனிதர் கையால் எழுதிக் கொடுத்த வாக்கு. எக்ஸ்டர்னல் என்று அறிவித்த வரியைக் கம்பைலர் சோதிப்பதில்லை, அப்படியே நம்புகிறது. கம்பைல் ஆனதும் பைண்டிங் மறைந்துவிடும், வெறும் ஜாவாஸ்கிரிப்ட் அழைப்புதான் மிஞ்சும். வேகத்துக்கு அது நல்லது. ஆனால் ஓடும் நேரத்தில் காவலுக்கு ஆள் இல்லை. நோட்டிஃபிகேஷனுக்காக நாங்கள் சேர்த்த ஒரு லைப்ரரி, புதிய பதிப்பில் டோக்கன் (போனை அடையாளம் காட்டும் குறியீடு) இல்லாதபோது நல் (null, மதிப்பே இல்லை என்பதன் குறி) அனுப்பத் தொடங்கியது. பைண்டிங்கில் அது எப்போதும் இருக்கும் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்). எல்லாம் சுத்தமாகக் கம்பைல் ஆனது. அனுமதி மறுத்த பயனர்களின் போனில் செயலி நின்றது. அதிலிருந்து வெளியிலிருந்து வரும் எதையும் நல்லபிள் (nullable, நல்லாகவும் இருக்கலாம்) என்றே அறிவித்து, வாசலிலேயே ஆப்ஷனாக (இருக்கிறதா இல்லையா என்று கேட்டே தீர வேண்டிய டைப்) மாற்றி உள்ளே விடுகிறோம்.

ரியாக்ட் நேட்டிவின் அடிப்படைப் பகுதிகளுக்குப் பைண்டிங் நன்றாக இருக்கிறது. மேப், புளூடூத், கேமரா என்று போனால் பெரும்பாலும் நாமே எழுத வேண்டும். தேவைப்படும் நாலைந்து ஃபங்ஷன்களுக்கு மட்டும் எழுதுங்கள். முழு லைப்ரரிக்கும் எழுத உட்கார்ந்தால், அதைப் பராமரிப்பதே தனி உத்தியோகம் ஆகிவிடும். ரியாக்ட் நேட்டிவ் 0.76-இல் புதிய ஆர்க்கிடெக்சர் (உள் அமைப்பு) இயல்பானதாக ஆனபோது பலர் பயந்தார்கள். பைண்டிங் ஜாவாஸ்கிரிப்ட் அடுக்கோடு நின்றுவிடுவதால், எங்களுக்கு வந்த தொல்லை எல்லாம் நேட்டிவ் மாட்யூல்களிலிருந்துதான் (போனின் சொந்த மொழியில் எழுதிய பகுதிகள்). ஆனாலும் புயல் பருவமான நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை பெரிய அப்டேட் எதையும் தொடுவதில்லை. அதெல்லாம் ஜூனுக்குப் பிறகு.

கிராஷ் அறிக்கையில் தெரிவது நாம் எழுதிய கோப்பு அல்ல, அதிலிருந்து உருவான ஜாவாஸ்கிரிப்ட். அது படிக்கத் தக்கதாக இருப்பதால் சமாளிக்கலாம். ஆள் எடுப்பதுதான் உண்மையான சிரமம். இந்தத் தீவில் ரீஸ்கிரிப்ட் தெரிந்தவரைத் தேடிப் பயனில்லை. ரியாக்ட் தெரிந்தவரை எடுத்துப் பழக்குகிறோம்.

உங்கள் செயலியில் நிலைகளும் விதிகளும் அதிகம், பல வருடம் அதையே பராமரிக்கப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் இதை எடுக்கலாம். வெளி லைப்ரரிகளை ஒட்டி அவசரமாக ஒன்றை வெளியிட வேண்டும் என்றால் டைப்ஸ்கிரிப்ட்டே போதும். நடுவில் இருப்பவர்கள், விதிகள் இருக்கும் பகுதியை மட்டும் ரீஸ்கிரிப்ட்டில் எழுதி, ஜென்டைப் (ரீஸ்கிரிப்ட் டைப்களை டைப்ஸ்கிரிப்ட்டுக்கு ஏற்ப உருவாக்கித் தரும் கருவி) மூலம் டைப்ஸ்கிரிப்ட் திரைகளோடு இணைத்துப் பார்க்கலாம். எங்கள் மேற்பார்வையாளர் செயலி இப்போது அப்படித்தான் ஓடுகிறது.