டிப்ஸா, பொதுப்பெட்டியா, சம்பளமா: விடுதிகளில் ஆள் நிற்பது எதனால்?

மலைவாசத்தலத்தில் விடுதி நடத்தும் யாரிடம் பேசினாலும், பத்து நிமிடத்திற்குள் "ஆள் நிற்பதில்லை" என்ற புலம்பல் வந்துவிடும். சீசனுக்கு முன்பே ஆள் பிடித்து, வேலை பழக்கி, சீருடையும் தைத்துக் கொடுத்த பிறகு, ஜூன் பிறப்பதற்குள் அந்த ஆள் கோயம்புத்தூருக்கோ துபாய்க்கோ கிளம்பிவிடுவதும், மறு மார்ச்சில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதும் ஆண்டுதோறும் நடப்பவை. இதற்கு மருந்தாகப் பிறந்தநாள் கேக்கும் "இம்மாதச் சிறந்த ஊழியர்" படமும் வைக்கிறார்கள். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். கேக் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் விடுதிகளின் உணவுப் பிரிவில் வேலை பார்த்த ஆண்டுகளில் நான் கண்டது வேறு. ஊழியர் தங்குவதையும் கிளம்புவதையும், பக்கத்தில் நிற்பவரைக் கூட்டாளியாக நினைப்பதையும் போட்டியாளராக நினைப்பதையும், விருந்தினர் மனமுவந்து தரும் பணம் எந்த வழியாகப் பிரிகிறது என்பது பெருமளவு தீர்மானிக்கிறது. அதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதல் வழியில் டிப்ஸ் வாங்கியவருக்கே சொந்தம். கணக்கு வேண்டாம், காத்திருப்பு வேண்டாம், அன்றிரவே காசு கையில் இருக்கும். புதிதாக வேலைக்கு வந்து, முதல் சம்பளத்துக்கு இன்னும் 25 நாள் இருக்கும் இளைஞனுக்கு இது சிறிய விஷயமல்ல. சாமர்த்தியமும் சிரித்த முகமும் உள்ளவர் சம்பளத்துக்கு நிகராகவே டிப்ஸ் பார்ப்பதுண்டு. ஆனால் இந்த வழி கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவரை மட்டுமே பார்க்கிறது. தோசை முறுகலாக வந்ததற்குக் காரணமான சமையல்காரருக்கும், தட்டு பளபளத்ததற்குக் காரணமான பாத்திரம் கழுவுபவருக்கும் அதில் பங்கில்லை. நான் வேலை பார்த்த ஒரு விடுதியில், பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பம் உள்ளே நுழைந்தால் அந்த மேசையை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பரிமாறுபவர்களை மேற்பார்க்கும் கேப்டன் தன் விருப்பப்படி முடிவு செய்வார். மேசை கிடைக்காதவர் அன்று முழுவதும் தண்ணீர் ஜாடியை எடுத்துக் கொடுக்கக்கூட வர மாட்டார். சமையலறையோ தனக்கு டீ வாங்கித் தரும் பரிமாறுபவரின் ஆர்டரை முதலில் அடுப்பில் ஏற்றும். ஒரே தீபாவளி விடுமுறையோடு பாத்திரம் கழுவுபவர் இருவர் திரும்பி வராமல் போனார்கள். மேலாளர் அதற்குக் குளிரைக் காரணம் சொன்னார்.

இந்த வழிக்கு இன்னொரு குறையும் உண்டு. கார்டில் கொடுத்து நிர்வாகத்தின் வழியாக வரும் டிப்ஸ்கூட முதலாளி தரும் சம்பளமாகாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஒரு வருமான வரி வழக்கில் தீர்ப்பளித்தது. சம்பளச் சீட்டில் ஏறாத பணத்துக்கு பி.எஃப். சேராது, வங்கியில் கடன் கேட்கப் போனால் அது கணக்கிலும் வராது. ஆகவே 35 வயதுக்காரர் ஒருவர் இந்தத் தொழிலில் தங்குவதற்கு டிப்ஸ் காரணமாவது அரிது.

இரண்டாவது வழி பொதுப்பெட்டி. எல்லா டிப்ஸையும் ஒன்றாகச் சேர்த்து, பதவிக்கும் வேலை நாளுக்கும் ஏற்பப் புள்ளி வைத்து, மாத முடிவில் பிரிக்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, மே மாதம் 3,00,000 ரூபாய் சேர்கிறது, மொத்தப் புள்ளிகள் 150 என்று வைத்துக்கொண்டால், ஒரு புள்ளிக்கு 2,000 ரூபாய். மூன்று புள்ளி உள்ளவர் 6,000 ரூபாய் வாங்குவார். தன் மேசை எது என்ற கேள்வி மறைந்து, எந்த மேசையில் குறை வந்தாலும் எல்லாருடைய பணமும் குறையும் என்ற எண்ணம் வருவதால், கூட்டு உழைப்பு என்று கூட்டத்தில் பேசப்படுவது வேலை நேரத்திலும் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. வேலை செய்யாமல் பங்கு வாங்குபவர் உருவாவார் என்று எதிர்வாதம் சொல்வார்கள். உருவாவார்கள்தான், ஆனால் அவர்களை முதலில் தட்டிக் கேட்பவர் மேலாளரல்ல, சக ஊழியர்.

உண்மையான ஆபத்து பெட்டியின் சாவியில் இருக்கிறது. உடைந்த கண்ணாடிக்கும் காணாமல் போன கரண்டிக்கும் பெட்டியிலிருந்து பிடித்தம் செய்யும் பழக்கம் வந்துவிட்டால், அது ஊழியர் பணத்தில் முதலாளி வாங்கும் பாத்திரமாகிவிடும். பிரிட்டனில் 2023இல் இயற்றி, 2024 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் இதைத்தான் குறிவைத்தது: டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் பிடித்தமின்றி ஊழியருக்கே சேர வேண்டும், பிரிக்கும் முறை எழுத்தில் இருக்க வேண்டும், கணக்கையும் வைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் நிலை வேறு. பில்லில் தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. விருந்தினர் பக்கமிருந்து பார்த்தால் நியாயம்தான்; ஆனால் அந்தப் பணம் ஊழியருக்கு எப்படிச் சேர வேண்டும் என்ற கேள்வியை அது தொடவில்லை. ஆகவே இங்கே பொதுப்பெட்டி என்பது விருந்தினர் விரும்பித் தரும் பணத்தைக் கொண்டே நடக்க வேண்டும்.

பெட்டிக்கு மற்றொரு பலவீனம், கூட்டம் வற்றும்போது அதுவும் வற்றுவது. இலங்கை விடுதிகளில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் நீண்ட கால வழக்கம். நல்ல மாதங்களில் பல ஊழியர்களின் வருமானத்தில் பெரும்பகுதி அதிலிருந்தே வரும். 2018இல் 23 லட்சத்தைத் தாண்டிய சுற்றுலாப் பயணிகளின் வருகை, 2019 ஈஸ்டர் தாக்குதலுக்கும் பின்னர் பெருந்தொற்றுக்கும் பிறகு 2021இல் இரண்டு லட்சத்தைக்கூட எட்டவில்லை. அடிப்படைச் சம்பளம் மட்டும் மிஞ்சிய நிலையில், பயிற்சி பெற்ற சமையல்காரர்களும் பரிமாறுபவர்களும் வளைகுடாவுக்கும் மாலத்தீவுக்கும் போனார்கள். அவர்கள் சென்ற மாலத்தீவில் 2020இல் திருத்தப்பட்ட சட்டம், சுற்றுலா விடுதிகளில் குறைந்தது 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் வசூலித்து, அதில் 99 சதவீதத்தை ஊழியர்களுக்குப் பகிர வேண்டும் என்கிறது.

மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. டிப்ஸே வேண்டாம் என்று விலைப்பட்டியலை உயர்த்தி, உயர்ந்ததைச் சம்பளத்தில் சேர்ப்பது காகிதத்தில் மிக நேர்த்தியானது: பி.எஃப். உயரும், வங்கி கடன் தரும், ஜூலை மழையிலும் சம்பளம் மாறாது. நியூயார்க்கில் உணவகங்கள் நடத்தும் டேனி மேயர் 2015இல் இதைத் துணிந்து அறிவித்தார். டிப்ஸைச் சமையலறையோடு பகிர அந்த மாநிலச் சட்டம் இடம் தராததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் எதிர்க்கடையில் டிப்ஸ் கிடைக்கும்போது கைதேர்ந்த பரிமாறுபவர்கள் பலர் விலகினார்கள். 2020இல் டிப்ஸ் மீண்டும் வந்தது. ஊரே சேர்ந்து செய்தால்தான் நிற்கும் ஒன்றை ஒரே கடை செய்ய முயன்றதன் விலை அது.

என் கருத்தில் ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் நடுத்தர விடுதிக்கு ஏற்றது இரண்டாவது வழிதான். ஆனால் அதற்குக் கீழே ஒரு தளம் போட வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ஜூலையில் பெட்டியில் 60,000 ரூபாய்தான் சேர்ந்தது என்றால், மூன்று புள்ளிக்காரருக்குக் கிடைப்பது 1,200 ரூபாய். புள்ளிக்கு 1,000 ரூபாய்க்குக் குறையாது என்று நிர்வாகம் உறுதியளித்து, குறைவதைத் தன் கையிலிருந்து போட்டால், அந்த மாதச் செலவு 90,000 ரூபாய். புதிதாக ஆள் தேடிப் பழக்கும் செலவையும், பழகாத ஆளால் கெடும் பெயரையும் கணக்குப் போட்டுப் பார்த்தவர் இதைப் பெரிய தொகை என்று சொல்ல மாட்டார். 2024 மே மாதம் முதல் இந்த இரு ஊர்களுக்கும் இ-பாஸ் கட்டாயமாகியிருக்கிறது. வாகன எண்ணிக்கைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரம்பும் விதித்தது. மலைக்கு அது தேவையானதே. ஆனால் எத்தனை வண்டி ஏறுகிறது என்பதில் பாத்திரம் கழுவுபவருக்கு எந்தக் கையும் இல்லை. அந்த இழப்பை அவர் தலையில் மட்டும் இறக்குவது முறையல்ல.

பணம் தீர்க்காதவையும் உண்டு. மதியம் மூன்றரைக்கு விட்டு இரவு ஏழுக்கு மீண்டும் அழைக்கும் பிரேக் ஷிஃப்ட், எட்டுப் பேர் படுக்கும் அறை, சுடுதண்ணீர் வராத குளியலறை ஆகியவற்றைப் புள்ளிகளால் ஈடுகட்ட முடியாது.

பின்னாளில் நான் சேர்ந்த வேறொரு விடுதியில், மாதத்தின் முதல் வாரம் மொத்தத் தொகை, மொத்தப் புள்ளி, பெயர் வாரியாகப் பங்கு என எல்லாவற்றையும் எழுதிய தாளை ஊழியர் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுவார்கள். பாத்திரம் கழுவும் அண்ணன் ஒருவர் சோற்றுத் தட்டோடு வந்து நின்று, விரல்விட்டு எண்ணி, தனக்கு இரண்டு நாள் குறைத்துப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். கணக்கர் வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து பார்த்து, அங்கேயே பேனாவால் திருத்திக் கையெழுத்திட்டார். மறு சீசனில் புதுப் பையன்களுக்கு அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுத்தவர் அந்த அண்ணன்தான்.