டாமியா 1/32 ஸ்பிட்ஃபயர் மார்க் 9சி கிட்: காசு போட்டு வாங்கலாமா?

ஜப்பான் மாடல் கம்பெனி டாமியாவோட இந்த 1/32 ஸ்பிட்ஃபயர் (ரெண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் சண்டை விமானம், நிஜத்துல 32ல ஒரு பங்கு சைஸ்ல) 2009ல வந்த பிளாஸ்டிக் கிட். அதுக்கப்புறம் எத்தனையோ கம்பெனி எத்தனையோ ஸ்பிட்ஃபயர் போட்டாச்சு, ஆனா இன்னிக்கும் யாராவது "பெரிய ஸ்கேல்ல ஒரே ஒரு ப்ளேன் கட்டணும், எது வாங்கலாம்"னு கேட்டா பாதி பேரு இதைத்தான் கைகாட்டுவாங்க. நானும் அந்தக் கூட்டத்துலதான் சேரப்போறேன், ஆனா ஒரு கண்டிஷனோட. இது பெட்டியைப் பிரிச்ச கையோட ஒட்ட ஆரம்பிக்கிற கிட் இல்ல. என்ஜினைத் திறந்து காட்டப் போறீங்களா, மூடியே வைக்கப் போறீங்களான்னு முதல்லயே ஒரு முடிவுக்கு வந்துட்டுத்தான் நிப்பரை (பார்ட்டை வெட்டி எடுக்கற கட்டர்) கையில எடுக்கணும், ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல சைஸ். நிஜ விமானத்தோட ரெக்கை 11.23 மீட்டர், அதை 32ஆல வகுத்தா ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் சுமாரா 35 சென்டிமீட்டர் வரும், நீளம் 30க்கு கொஞ்சம் கம்மி. 1/72லயே பழகினவங்களுக்கு இது பாக்கவே பயமா இருக்கும், ஆனா உண்மையில சின்ன ஸ்கேலை விட இதுல வேலை செய்யறது கண்ணுக்கு சுகம், நாப்பது வயசு தாண்டினவங்களுக்கு நான் சொல்றது நல்லாவே புரியும். விலை பத்தாயிரத்துக்கு கீழ எதிர்பார்க்காதீங்க. இறக்குமதி, டேக்ஸ், கூரியர் எல்லாம் சேரும்போது இன்னும் ஏறும். நான் வாங்கின ஆன்லைன் கடை (பேரு வேணாம்) இவ்ளோ விலையுள்ள பெட்டியை ஒரு சுத்து பபுள் ரேப் போட்டு அனுப்பினாங்க, ஒரு மூலை நசுங்கித்தான் வந்துச்சு, நல்லவேளை கண்ணாடி பார்ட் எல்லாம் தப்பிச்சுது. எங்க வாங்கினாலும் டபுள் பாக்ஸ் பண்ணி அனுப்புவீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

மார்க் 9 (மார்க்னா ஸ்பிட்ஃபயரோட மாடல் வகை) ஏன் ஸ்பெஷல்னு தெரிஞ்சுகிட்டு கட்டினா கிட் இன்னும் ருசிக்கும். 1941ல ஜெர்மன்காரன் ஃபோக்க வுல்ஃப் 190ங்கிற சண்டை விமானத்தை இறக்கினான், அப்ப ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) கிட்ட இருந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 5 அதுகிட்ட நல்லா அடி வாங்குச்சு. 1942 ஜூன்ல ஒரு ஜெர்மன் பைலட், ஆர்மின் ஃபாபர்னு பேரு, வழி தவறி தெற்கு வேல்ஸ்ல பெம்ப்ரிங்கிற ஆர்ஏஎஃப் தளத்துலயே கொண்டுவந்து வண்டியை இறக்கிட்டான், அப்பதான் பிரிட்டிஷ்காரங்களுக்கு 190 முழுசா கையில கிடைச்சுது. அதுக்கு முன்னாடியே பதில் தயாராகிட்டுதான் இருந்துச்சு. மார்க் 5 உடம்புலயே ரெண்டு ஸ்டேஜ் சூப்பர்சார்ஜர் (காத்தை அழுத்தி என்ஜினுக்குள்ள தள்ளற கருவி) வச்ச மெர்லின் 61 என்ஜினை மாட்டி, அவசரத்துக்கு இது போதும்னு விட்டதுதான் மார்க் 9. 1942 நடுவுல இங்கிலாந்துல ஹார்ன்சர்ச் தளத்துல 64வது ஸ்குவாட்ரன் இதை முதல்ல வாங்குச்சு. தற்காலிகம்னு ஆரம்பிச்சது ஐயாயிரத்துக்கு மேல கட்டற அளவுக்குப் போயிடுச்சு. மூக்கு ஏன் நீளம்? பின்னாடி அந்த ரெண்டு ஸ்டேஜ் சூப்பர்சார்ஜர் உக்காரணும்ல. ப்ரொப்பெல்லர் மூணு பிளேடுல இருந்து நாலாச்சு, ரெக்கைக்கு அடியில ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சிறுசுன்னு இருந்த ரேடியேட்டர் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆச்சு. இது எல்லாத்தையும் கிட்ல நீங்களே பார்ட் பார்ட்டா ஒட்டி புரிஞ்சுக்கலாம், அதுதான் பெரிய ஸ்கேலோட லாபமே.

காக்பிட்டுக்கு வருவோம். நான் அதிக நேரம் செலவு பண்ணது இங்கதான், ரசிச்சதும் இங்கதான். சீட்டை மெட்டல்னு நினைச்சு எல்லாரும் பச்சை அடிச்சுடறாங்க. நிஜத்துல நிறைய ஸ்பிட்ஃபயர்ல சீட்டு ரெசின்ல ஊறின பேப்பர் கலவை, ஒரு மாதிரி செங்காவி கலந்த பிரவுன், முதுகு சாயற மெத்தை மட்டும் கருப்பு. அந்த பிரவுனை அடிச்சு மேல லேசா டார்க் வாஷ் (தண்ணியா கரைச்ச பெயிண்ட்) விட்டீங்கன்னா பச்சை காக்பிட்டுக்குள்ள சீட்டு தனியா எழுந்து நிக்கும். ரடர் (வால்ல இருக்கற சுக்கான்) பெடலை கவனிச்சா ஒவ்வொரு காலுக்கும் மேல ஒண்ணு கீழ ஒண்ணு இருக்கும். சண்டையில சுழட்டி திருப்பும்போது பைலட் காலைத் தூக்கி மேல் பெடல்ல வச்சுக்குவான், ரத்தம் காலுக்கு இறங்கி கண்ணு இருட்டறது கொஞ்சம் தள்ளிப்போகும். சக்கரத்தை மடக்கற லீவர் வலது பக்கம். அதனால டேக்ஆஃப் ஆனதும் பைலட் ஸ்டிக்கை இடது கைக்கு மாத்திட்டு வலது கையால லீவரைத் தள்ளணும், புதுசா ஓட்டறவன் அந்த நேரத்துல மூக்கை மேலயும் கீழயும் ஆட்டிகிட்டே போவானாம். ஏறி இறங்கற கதவு இடது பக்கம், உள்பக்கத்துல ஒரு குட்டி கடப்பாரை இருக்கும், அதை சிவப்பா அடிக்காதீங்க, அது போருக்கு அப்புறம் வந்த பழக்கம். டயல் போர்டு செம ஐடியா: முள்ளு நம்பர் எல்லாம் டெக்கால்ல (தண்ணியில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர்) இருக்கு, கண்ணாடி மாதிரி க்ளியர் பார்ட் முன்னாடி வந்துடும், பெயிண்ட் சரியா அடிச்சா டயலுக்கு நிஜமாவே கிளாஸ் போட்ட மாதிரி தெரியும்.

சீட் பெல்ட்டுக்கு கிட்லயே போட்டோ எட்ச் பார்ட் (மெல்லிசான மெட்டல் தகடு) குடுத்திருக்காங்க. சரிதான், ஆனா மெட்டல் தகடு எப்படி மடிச்சாலும் துணி மாதிரி தொங்கறது கஷ்டம். செக் நாட்டு எச்ஜிடபிள்யூ கம்பெனி துணி மாதிரியே இருக்கற பெல்ட் போடறாங்க, பொறுமை இருந்தா அது ஒண்ணை மட்டும் தனியா வாங்கலாம். மத்தபடி ரெசின் காக்பிட், ரெசின் என்ஜின்னு யாராவது ஆசை காட்டினா கண்டுக்காதீங்க, பெட்டியில இருக்கறதே போதும்.

இப்ப என்ஜின். இதுக்குத்தான் மேல கண்டிஷன் போட்டேன். மெர்லின் முழுசா உள்ள இருக்கு, அதைத் தாங்கற ஃப்ரேம், பைப், சூப்பர்சார்ஜர் எல்லாம் இருக்கு. மூக்கு மூடிங்க, அதாவது கௌலிங் பேனல், எல்லாம் குட்டி காந்தத்துல ஒட்டி நிக்கும், எடுத்து எடுத்து காட்டலாம், வீட்டுக்கு வர்ற பசங்களுக்கு இது ஒரு மேஜிக். ஆனா மூடி சரியா உக்காரணும்னா உள்ள இருக்கற ஃப்ரேம் ஒரு மில்லிமீட்டர் கூட கோணக்கூடாது, ஒட்டற ஒவ்வொரு இடத்துலயும் பர்ரை (நீட்டிகிட்டு இருக்கற பிசிறு) சுத்தமா எடுத்துட்டு, ஒட்டாம சேர்த்து வச்சு ட்ரை ஃபிட் பாத்துட்டுதான் சிமெண்ட் (பசை) விடணும். பெயிண்ட் கூட அங்க எதிரிதான். பேனல் விளிம்புல ரெண்டு கோட் ப்ரைமர், ரெண்டு கோட் கலர், மேல வார்னிஷ்னு ஏத்திட்டே போனா கடைசியில இடுக்கு தெரிய ஆரம்பிக்கும். அதனால ஒட்டற முகம் எல்லாம் மாஸ்கிங் டேப் போட்டு மறைச்சுடுங்க. முழுசா மூடி ஷெல்ஃப்ல வைக்கிற ஆளா இருந்தா உள்ள டீடெயில் பண்றது வீண், என்ஜினை சுமாரா கட்டிட்டு பேனலை ஒரேயடியா ஒட்டிட்டு சேர்ற கோட்டை நிரப்பிடுங்க, மூக்கோட வளைவு அப்பதான் அழகா வரும். ரெண்டும் வேணும்னு நினைக்கிறவங்கதான் அதிகமா கஷ்டப்படறாங்க. நான் திறந்து வைக்கற கட்சி. இக்னிஷன் வயருக்கு மாடல் கடையில லெட் வயர்னு விலைக்கு விக்கறதை வாங்கல, மோட்டார் வைண்டிங் கடையில மெல்லிசான எனாமல் காப்பர் வயர் சல்லிசா கிடைக்குது, கருப்பு என்ஜின் பிளாக்கு மேல அது ஓடறதைப் பாத்தா போட்ட உழைப்புக்கு கூலி கிடைச்ச மாதிரி இருக்கும்.

பெயிண்ட். 1941 ஆகஸ்ட்ல ஆர்ஏஎஃப் பகல் ஃபைட்டர்களுக்கு மேல்பக்கம் மண் கலரை எடுத்துட்டு ஓஷன் கிரேவை கொண்டுவந்தாங்க, சண்டை இங்கிலாந்து வயலுக்கு மேல இருந்து கடலுக்கு மேல மாறினதால. பச்சை அப்படியே இருந்துச்சு, அடியில மீடியம் சீ கிரே. டாமியா இந்த மூணுக்கும் எக்ஸ்எஃப்-81, 82, 83ன்னு ரெடிமேட் பாட்டில் வச்சிருக்காங்க, கலக்கற வேலை இல்ல. சென்னையில இருந்து சொல்றேன், ஐப்பசி கார்த்திகையில லாக்கர் தின்னர் போட்டு ஏர்பிரஷ் அடிக்காதீங்க, காத்துல இருக்கற ஈரத்துக்கு பெயிண்ட் வெள்ளை பூத்துப்போகும். அடிச்சே ஆகணும்னா ரிட்டார்டர் (காயறதை மெதுவாக்கற திரவம்) கலந்த லெவலிங் தின்னரும், கம்ப்ரஸருக்கு ஈரத்தைப் பிடிக்கற ஒரு வாட்டர் ட்ராப்பும் கட்டாயம்.

டெக்கால் கொஞ்சம் தடிமன், இது டாமியா கிட் கட்டறவங்க எல்லாரும் காலங்காலமா சொல்றதுதான். சாஃப்டனர் (டெக்காலை இளக்கற திரவம்) விட்டா உக்காருது, ஆனா இந்த சைஸ்ல ரவுண்டலோட (விமானப்படையோட வட்ட அடையாளம்) விளிம்பு கண்ணுல தட்டும். மாஸ்க் வெட்டி ரவுண்டலையும் எழுத்தையும் பெயிண்ட்லயே அடிக்கறது எவ்ளோவோ மேல். பெட்டியில இருக்கற மார்க்கிங்ல ஜேஇ-ஜேதான் எல்லாரும் தேடறது, கென்லி விங்கை (சில ஸ்குவாட்ரன் சேர்ந்த படை) நடத்தின ஆர்ஏஎஃப் பைலட் ஜானி ஜான்சனோட வண்டி. விங் கமாண்டருக்கு தன்னோட இனிஷியலையே எழுதிக்கற சலுகை உண்டு, அதான் அந்த எழுத்து.

வெதரிங் (விமானத்தை பழசா, அழுக்கா காட்டற வேலை) பத்தி எனக்கு கொஞ்சம் கோவமே உண்டு. நெட்ல பாக்கற பாதி ஸ்பிட்ஃபயர் ப்ரொப்பெல்லர் நுனியில பெயிண்ட் உரிஞ்ச மாதிரி சில்வர் சிப்பிங் போட்டு வச்சிருக்காங்க. அண்ணா, அந்த ரோட்டால் கம்பெனி பிளேடு அழுத்தின மரம், அதுல எங்கேர்ந்து அலுமினியம் தெரியும்? அதே மாதிரி ரடர் துணி போர்த்தினது, அங்கயும் சில்வர் வராது. சில்வர் வரவேண்டிய இடம் பைலட் ஏறி மிதிக்கிற இடது ரெக்கை அடிவாரம், கௌலிங் ஸ்க்ரூ ஓரம், பீரங்கிக்கு குண்டு போடற மூடி, இவ்ளோதான். பேனல் லைன் எல்லாம் கருப்பு கோடா இழுத்து ப்ளேனை கோலம் போட்ட வாசல் மாதிரி ஆக்கிடறாங்க. நிஜத்துல ரெக்கையோட முன்பக்கத்தை புட்டி போட்டு தேச்சு வழவழன்னு வச்சிருப்பாங்க, ஸ்பீடு கிடைக்கணும்ல. அங்க வாஷே விடாதீங்க, எக்ஸாஸ்ட்ல இருந்து பின்னாடி ஓடற சாம்பல் பிரவுன் கறையில கையைக் காட்டுங்க. ஃப்ளாப்பை (இறங்கும்போது ரெக்கைக்கு அடியில இறக்கற மடல்) தொங்கவிட்டு வைக்கிறதும் எனக்குப் பிடிக்காது. தரையில அப்படி விட்டா பைலட்டுக்கு அபராதம்னு சொல்வாங்க, போட்டோல பாத்தாலும் நிக்கற ஸ்பிட்ஃபயர்ல ஃப்ளாப் மூடித்தான் இருக்கும்.

பிடிக்காதது வேற என்ன? ரப்பர் டயர். தொட்டா நல்லாத்தான் இருக்கு, ஆனா நடுவுல மோல்டு கோட்டை சாண்ட் பண்ணி எடுக்கறது பெரிய தலைவலி, விமானத்தோட எடைக்கு டயர் அடியில லேசா அமுங்கின மாதிரியும் இருக்காது. ரெசின் சக்கரம் போட்டா அந்தக் குறை தீரும். பெல்ட், சக்கரம், மாஸ்க், இந்த மூணுக்கு மேல எக்ஸ்ட்ரா செலவு பண்ண வேண்டாம்ங்கறது என் கருத்து.

காசு இடிக்குதுன்னா ரெவெல்லும் 1/32ல மார்க் 9சி போடறாங்க, விலை ரொம்ப கம்மி, புட்டியும் சாண்டிங்கும் கூடுதலா கேக்கும், முதல் பெரிய ஸ்கேலுக்கு அதுவும் தப்பில்ல. இன்னும் பெருசு வேணும்னா ஏர்ஃபிக்ஸோட 1/24 மார்க் 9சி 2022ல வந்திருக்கு, ரெக்கை கிட்டத்தட்ட 47 சென்டிமீட்டர், வாங்கறதுக்கு முன்னாடி வீட்ல எங்க வைக்கப்போறோம்னு இஞ்ச் டேப் வச்சு அளந்துடுங்க. ஃபிட்டிங்ல இன்னிக்கும் டாமியா பக்கத்துல யாரும் வரலங்கறதுதான் நான் பாத்தது.

டாமியாலயே இதே குடும்பத்துல மார்க் 8, மார்க் 16இ ரெண்டும் தனித்தனி பெட்டியா இருக்கு. 16க்கு பப்பிள் கனோபி (குமிழ் மாதிரி காக்பிட் கண்ணாடி), பாக்க ஸ்டைல். ஆனா நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் சொல்றது மார்க் 8. 1944ல இந்திய விமானப்படையோட 8வது ஸ்குவாட்ரன் வெஞ்சன்ஸ் குண்டுவீச்சு விமானத்தை விட்டுட்டு இந்த மார்க் 8க்குத்தான் மாறினாங்க, 1945ல பர்மா பக்கம் ஜப்பான்காரனுக்கு எதிரா பறந்தாங்க. அந்தப் பக்கத்து விமானத்துல ரவுண்டல்ல சிவப்பே இருக்காது, நீலமும் வெளிர் நீலமும்தான், ஜப்பான் விமானத்தோட சிவப்பு சூரிய அடையாளம்னு நினைச்சு நம்மாளே சுட்டுடக்கூடாதுன்னு. ரெண்டே கலர்ங்கறதால மாஸ்க் வெட்டறதும் சுலபம், 9 வாங்கலாமா 8 வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க இதையும் கணக்குல வச்சுக்கோங்க.