நான்கு ஆண்டுகள் அன்னாசி உண்டதில் நான் கண்டவை

கிளிநொச்சிக்கு அண்மையில் வசிக்கும் நான், நீரிழிவின் எல்லையில் நிற்கிறேன் என்று இரத்தப் பரிசோதனையில் தெரியவந்த நாளிலிருந்து, அதாவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளாக, வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் அன்னாசிப்பழம் உண்டு வருகிறேன். உண்மையைச் சொன்னால், தொடக்கத்தில் என் நோக்கம் தொப்பையைக் குறைப்பதே. அன்னாசித் துண்டுகளுடன் ஓமத்தூளைச் சேர்த்து இரவில் அவித்து மூடிவைத்து, காலையில் வெறும் வயிற்றில் பிழிந்து குடித்தால் வயிற்றுக் கொழுப்புக் கரையும் என்று உறவினர் ஒருவர் கூறியதை நம்பி, இரண்டு மாதம் தவறாமல் குடித்தேன். இடுப்புப் பட்டியில் ஒரு துளைகூட மாறவில்லை. நெஞ்செரிவு மட்டும் வந்து சேர்ந்தது.

காரணத்தைத் தேடி வாசித்தபோதுதான் விளங்கியது. அன்னாசியில் உள்ள புரோமெலயின் என்னும் நொதியம் புரதத்தைச் சிதைப்பதே தவிரக் கொழுப்பைக் கரைப்பதன்று. அவித்துவிட்டால் அந்தத் திறனும் போய்விடும், விற்றமின் சியிலும் ஒரு பகுதி குறையும். ஆக, நான் இரண்டு மாதமாகக் குடித்தது புளிப்பும் பழச்சீனியும் கலந்த ஓமத் தண்ணீர்தான்.

அந்த நொதியத்தின் வேலையைப் பார்க்க விரும்புவோருக்குச் சமையலறையே போதும். முற்றிய ஊர்ச்சேவலின் இறைச்சியில் அரைத்த அன்னாசியைச் சிறிது பூசி அரை மணி நேரம் வைத்தால் இறைச்சி இலகுவில் வேகும். ஒருமுறை மறந்து இரவு முழுவதும் வைத்துவிட்டேன், காலையில் அது களியாகிக் கிடந்தது. எருமைத் தயிரில் பழத் துண்டுகளைக் கலந்து வைத்தபோதும் சிறிது நேரத்தில் கசப்பேறியது, ஏனெனில் தயிரின் புரதமும் அவ்வாறே உடைகிறது. அன்னாசி அதிகம் உண்டால் நாக்கு எரிவதற்கும் இந்த நொதியத்துக்கும் தொடர்புண்டு. பழத்திலுள்ள ஊசி போன்ற கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகளும் அதற்குத் துணைபோகின்றன. ஏ-9 வீதியோரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தரும் துண்டுகளின் சுவைக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் உயர் குருதியமுக்கம் உள்ள என் மனைவிக்கு அந்த உப்பு ஆகாது என்பதால் வீட்டில் வெறும் பழமாகவே உண்கிறோம்.

100 கிராம் அன்னாசியில் ஏறத்தாழ 50 கிலோ கலோரி, 13 கிராம் மாச்சத்து (அதில் சீனி 10 கிராம் அளவு), 1.4 கிராம் நார்ச்சத்து, 48 மில்லிகிராம் விற்றமின் சி, 0.9 மில்லிகிராம் மங்கனீசு ஆகியவை உள்ளன. சீனியின் அளவைப் பார்த்து முதலில் அஞ்சினேன். மதிய உணவின் பின் இரண்டு வட்டத் துண்டுகள் உண்ட நாட்களில் குளுக்கோமீற்றர் காட்டிய அளவு பெரிதாக மாறவில்லை; அதே பழத்தைச் சாறாக்கிக் குடித்த நாட்களில் தெளிவாக உயர்ந்தது. ஒரு குவளைச் சாற்றுக்குள் எத்தனை துண்டுகள் போகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. சாற்றை நிறுத்திவிட்டேன்.

எனக்குக் கிடைத்த உறுதியான நன்மை மலச்சிக்கல் தணிந்ததுதான். மற்றொன்று மகளுக்குக் கிடைத்ததாக நம்புகிறேன். இரத்தச்சோகை இருந்த அவள் முருங்கையிலை வறையும் பருப்பும் உண்டவுடன் தேநீர் குடிக்கும் பழக்கமுடையவள். இலை, பருப்பு வகைகளின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் தடுக்கும், விற்றமின் சி கூட்டும் என்பதால், தேநீரைப் பிந்தவைத்து அந்த இடத்தில் அன்னாசியைக் கொடுத்தோம். சில மாதங்களில் அவளது ஹீமோகுளோபின் உயர்ந்தது. எனினும் அதே காலத்தில் இரும்பு மாத்திரையும் எடுத்தாள்; ஆகவே முழுப் பெருமையையும் பழத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

சிறுநீரக நோயுள்ள அயலவர் ஒருவருக்குப் பொற்றாசியத்தைக் குறைக்கச் சொன்னபோது, கிளினிக்கில் வாழைப்பழத்துக்குப் பதிலாகச் சிறிதளவு அன்னாசியை அனுமதித்தார்கள். 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறத்தாழ 358 மில்லிகிராம் பொற்றாசியம் இருக்க, அன்னாசியில் 109 மில்லிகிராம் அளவே உள்ளது. நோயின் நிலை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், தமது வைத்தியரைக் கேளாமல் எவரும் இதைப் பின்பற்றக் கூடாது. குருதி உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்போரும் புரோமெலயின் மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. கர்ப்பிணிகள் ஒரு துண்டு உண்டாலே கரு கலையும் என்று எங்கள் ஊரில் இன்றும் அஞ்சுகிறார்கள். பழுத்த அன்னாசியை வழமையான அளவில் உண்பது அவ்வாறு செய்யும் என்பதற்குச் சான்றில்லை.

எங்கள் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் தெற்கிலிருந்து லொறியில் ஏறிவரும் மொறிசியஸ் இனப் பழங்கள். காயாக இருப்பதைத் தந்து, “வீட்டில ரெண்டு நாள் வையுங்கோ அண்ணை, இனிக்கும்” என்பார் வியாபாரி. தோல் மஞ்சளாகும், சதையும் மெதுவாகும்; ஆனால் பறித்த பின் அன்னாசியில் இனிப்பு ஏறுவதில்லை. அதனால் இப்போது அடிப்பக்கத்தை முகர்ந்து, வாசனை வந்தால் மட்டுமே வாங்குகிறேன். ஏமாந்து வாங்கிய புளிப்புப் பழங்கள், தேங்காய்ப்பாலும் கறுவாவும் சேர்ந்து, அன்னாசிக் கறியாகிவிடுகின்றன.